ஏழாவது ஆட்டத்தில் நாம் தோற்றது எதனால்? ராக்கெட்ஸ் ரசிகர்களின் விவாதம்

செந்நிறச் சட்டை
29 மே 2018

என்.பி.ஏ. கூடைப்பந்தில், ஹூஸ்டனில் நம் சொந்த அரங்கிலேயே 92-101 என்று தோற்று, ஏழு ஆட்டத் தொடரான மேற்குக் கான்ஃபரன்ஸ் இறுதியை 3-4 எனக் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் பறிகொடுத்துவிட்டோம். தொடர்ந்து 27 த்ரீக்கள் (வளைவுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்கள்) தவறியதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பேசட்டும், அப்படியொரு வறட்சியை லீக் பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றுகளில் இதற்கு முன் எந்த அணியும் சந்தித்ததில்லை. ஆனால் அந்த ஓர் எண்ணின் வெளிச்சத்தில் இன்னொரு கணக்கு கண்ணுக்குப் படாமல் போகிறது.

ஆறாவது ஆட்டத்தின் இடைவேளையில் நாம் 61-51 என்று முன்னிலையில் இருந்தோம். இரண்டாம் பாதியில் நாம் எடுத்தவை 25 புள்ளிகள், அவர்கள் எடுத்தவை 64. ஏழாவது ஆட்டத்தின் இடைவேளையில் 54-43 என்று முன்னிலையில் இருந்தோம். இரண்டாம் பாதியில் நமக்கு 38, அவர்களுக்கு 58. இரண்டு பாதிகளையும் கூட்டினால் வாரியர்ஸ் 122, நாம் 63. ஒரு நாள் எறிதல் கைகொடுக்கவில்லை என்றால் அதற்கு அதிர்ஷ்டத்தைக் குறைசொல்லலாம். மூன்று நாள் இடைவெளிக்குள், இரு வேறு ஊர்களில், ஒரே நேரத்தில் ஒரே விதமாக ஓர் அணி சரிந்தால் அதற்குள் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். காயத்தால் இந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடாத கிறிஸ் பால் இல்லாதபோது நம்மிடம் இரண்டாவது ஆட்டமுறை என்று ஒன்று இல்லை என்பதே அந்தக் காரணம் என்று நான் நினைக்கிறேன். மற்றவர்களின் கருத்தையும் அறிய விரும்புகிறேன். வசைகளைத் தவிர்த்து எழுதுங்கள்.


கணக்குப்பிள்ளை
29 மே 2018

செந்நிறச் சட்டை அவர்களே, உங்கள் கூட்டல் சரிதான். ஆனால் அந்த 38 புள்ளிகளுக்குள்ளேதான் அந்த 27 தவறல்களில் பெரும்பாலானவையும் அடங்கியிருக்கின்றன என்பதை மறந்துவிட வேண்டாம்.

நாம் எறிந்த த்ரீக்கள் 44, விழுந்தவை 7. லீக் பருவத்தில் நமது த்ரீ விகிதம் 36.2 சதவீதம். அந்த விகிதத்தில் எறிந்திருந்தால் பதினாறு விழுந்திருக்கும், அவ்வளவுகூட வேண்டியதில்லை. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 44-இல் 11 விழுந்திருந்தால், அதாவது நான்கில் ஒன்று என்ற கேவலமான விகிதத்தில் எறிந்திருந்தால்கூட, நாம் 104-101 என்று வென்று, இப்போது கிளீவ்லாந்துக்கு எதிரான இறுதிச்சுற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஒவ்வொரு த்ரீக்கும் 35 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், 27 எறிதல்கள் தொடர்ந்து தவறும் நிகழ்தகவு ஏறக்குறைய லட்சத்தில் ஒன்று. இப்படி நேர்ந்ததை வைத்து, 65 ஆட்டங்களில் வென்று, அணியின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த பருவத்தைத் தந்த ஓர் ஆட்டமுறையைத் தூக்கியெறியச் சொல்வது பதற்றத்தில் எடுக்கும் முடிவாகும்.


மூலைக்காரன்
30 மே 2018

லட்சத்தில் ஒன்று என்ற கணக்கு, ஒவ்வோர் எறிதலும் மற்றதோடு தொடர்பில்லாத நாணயச் சுண்டல் என்று கொண்டால்தான் செல்லும். ஆடுகளத்தில் நடப்பது அப்படியல்ல. அதே ஐந்து பேர், அதே களைத்த கால்கள், நம் நட்சத்திரம் ஹார்டன் பதினைந்து விநாடி பந்தைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் கையில் திணிக்கும் அதே பந்து. இவையெல்லாம் ஒரே காரணத்தின் பிள்ளைகள்.

மூன்றாம் குவார்ட்டரை மறுபடி போட்டுப் பாருங்கள். நான் அதை மட்டும் தனியாக இரண்டாம் முறை பார்த்தேன். கப்பேலா மேலேறி வந்து, ஹார்டனைக் காப்பவரின் வழியை மறித்து ஸ்க்ரீன் வைக்கிறார். வாரியர்ஸ் உடனே சுவிட்ச் செய்கிறார்கள், அதாவது காக்கும் ஆளை மாற்றிக்கொள்கிறார்கள். ஹார்டன் முன்னால் அவர்களின் உயரமான ஆட்டக்காரர் கெவோன் லூனி வந்து நிற்கிறார். இந்த இணையைத் தேடித்தான் நாம் அத்தனை பாடும் படுகிறோம். ஆனால் லூனி பந்துக்குக் கை வைப்பதே இல்லை. ஓரடி பின்வாங்கி, மார்பை நேராக வைத்துக்கொண்டு, ஹார்டன் எதிர்பார்க்கும் அந்த ஃபவுலைக் கொடுக்காமல் நிற்கிறார். இதற்கிடையே மற்ற நான்கு பேரும் தத்தம் இடத்தில் நட்டுவைத்த கம்பங்களைப் போல அசையாமல் நிற்கிறார்கள். யாரும் வெட்டி ஓடவில்லை. பந்து இல்லாத பக்கத்தில் ஒரு ஸ்க்ரீன்கூட இல்லை. எறிவதற்கான நேரத்தை எண்ணும் ஷாட் கிளாக்கில் ஆறேழு விநாடி மிஞ்சும்போது ஒன்று பின்னோக்கி நகர்ந்து எறியும் த்ரீ, இல்லாவிட்டால் மூலையில் நிற்பவருக்கு ஒரு பாஸ். பதினைந்து விநாடி கையைத் தொங்கப் போட்டு நின்றவரிடம் பந்து வந்த மறுகணமே எறியச் சொன்னால், 36 சதவீதத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது.

டிரெவர் அரிஸா 12 முறை முயன்று ஒன்றைக்கூடப் போடவில்லை. அவற்றில் 9 த்ரீ. அவரை ஏளனம் செய்து எழுதப்பட்டவற்றைப் படித்தேன். மாலை முழுவதும் கெவின் டுராண்டைத் துரத்திக் காத்தவர் அவர். தனக்கு மேல் கையை நீட்டி எறியும் ஒரு மனிதரை முக்கால் மணி நேரம் தடுத்துவிட்டு, மறுமுனைக்கு ஓடிவந்து நின்று எறிகிறவருக்குக் கால் தூக்கவில்லை என்றால் அதில் வியப்பு எதுவும் இல்லை. அதற்கு முந்தைய இரவு பாஸ்டன், தன் சொந்த அரங்கில், ஏழாவது ஆட்டத்தில், 39 த்ரீக்களில் ஏழை மட்டுமே போட்டு கிளீவ்லாந்தின் லெப்ரானிடம் தோற்றது. அடுத்தடுத்த இரு இரவுகளில் இரு அணிகளுக்கும் லட்சத்தில் ஒன்று நேர்ந்தது என்று கணக்குப்பிள்ளை சொல்வாரா?


கணக்குப்பிள்ளை
30 மே 2018

சொல்ல மாட்டேன், பாஸ்டன் 27-ஐத் தொடர்ந்து தவறவிடவில்லை. களைப்பு ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. களைப்பு 36-ஐ 30 ஆக்கலாம், 28 ஆகக்கூட ஆக்கலாம். 16 சதவீதம் வரை இறங்கியதற்குக் களைப்பு மட்டுமே போதாது, மிச்சம் கெட்ட நேரம்தான். களைப்பு பறித்தது போக எஞ்சிய 28 சதவீதத்திலேயே நாம் வென்றிருப்போம் என்பதுதான் என் வாதம்.


ஐந்தாம் ஃபவுல்
30 மே 2018

நடுவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! ஹார்டன் த்ரீ எறியும்போது கைமீது விழுந்த அடிகளை எத்தனை முறை கண்டும் காணாமல் விட்டார்கள்? ஒவ்வொன்றுக்கும் மூன்று ஃப்ரீ த்ரோ. ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில் இவை சிறிய விஷயங்களா?


பழைய பெஞ்சு
30 மே 2018

தம்பி, சில விசில்கள் நமக்கு எதிராகப் போயின என்பது உண்மை. அதே நடுவர்கள்தான் கிளே தாம்சனுக்கு ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மூன்று ஃபவுல் கொடுத்து உட்காரவைத்தார்கள் என்பதும் உண்மை. இந்த வழக்கை மேலும் நடத்துவதால் அடுத்த பருவத்துக்கு ஒரு ரீபவுண்டுகூடக் கிடைக்கப் போவதில்லை. இனி இங்கே அதை விட்டுவிடுவோம்.

நான் 1994-லும் 1995-லும் ஒலாஜுவான் காலத்தில் கோப்பை வந்ததைப் பார்த்தவன். அந்த அணியையும் இந்த அணியையும் ஒப்பிடுவது வீண், ஆட்டமே மாறிவிட்டது. நான் பேச வந்தது ஆள்பலத்தைப் பற்றி. நம் கோச் டான்டோனி இந்தத் தொடரில் ஏழு பேரை வைத்துக்கொண்டு ஓட்டினார். ஹார்டன், பால், கோர்டன், அரிஸா, டக்கர், கப்பேலா, அவ்வப்போது ஜெரால்டு கிரீன். பால் விழுந்ததும் அது ஆறாயிற்று. ஃபீனிக்ஸ் அணிக்குக் கோச்சாக இருந்தபோதும் அவர் இப்படித்தான் ஆடவைத்தார். 2005-லும் 2006-லும் இதே கான்ஃபரன்ஸ் இறுதிவரை வந்து நின்றார். ஒரு கோச் பெஞ்சை நம்பாமல் இருப்பது அவருடைய குணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முறை அவர் நம்பாததற்கு நியாயமும் இருந்தது என்பதுதான் சிக்கல்.

எட்டாவது ஆள் யார் என்று பாருங்கள். ரையன் ஆண்டர்சனுக்கு 2016-இல் நான்காண்டுக்கு 8 கோடி டாலர் கொடுத்தோம். த்ரீ எறிவார், மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் இந்த ஆண்டு முழுவதும் வளர்த்தது எல்லாவற்றையும் சுவிட்ச் செய்யும் தற்காப்பு. துணைக் கோச் பிஸ்டெலிக் வகுத்த அந்த முறையில் ஆண்டர்சனை இறக்கினால், வாரியர்ஸ் அடுத்த பந்திலேயே அவரை ஸ்டெஃபன் கர்ரிக்கு முன்னால் இழுத்து நிறுத்துவார்கள். ஆக அவ்வளவு பணமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. லூக் எம்பா அ மூட்டே தோள்பட்டை விலகி ஏப்ரலில் விழுந்த பிறகு பழைய ஆளாகத் திரும்பவில்லை. பிப்ரவரியில் வந்த ஜோ ஜான்சன் பெயரளவுக்கே அணியில் இருந்தார். நெனேவின் வயதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஹார்டன் ஏழாவது ஆட்டத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆடி, 29 முறை எறிந்து, 32 புள்ளி எடுத்தார். அவருடைய த்ரீ 13-இல் இரண்டு. கோர்டன் 12-இல் இரண்டு. இந்த இருவரையும் ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு பந்தை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று டான்டோனியைத் திட்டுகிறவர்கள் ஒரு பெயரைச் சொல்லட்டும்.


விருந்தாளி (கோல்டன் ஸ்டேட்)
31 மே 2018

எதிரணி ரசிகன் என்பதால் தயங்கித்தான் எழுதுகிறேன். வரம்பு மீறினால் சொல்லிவிடுங்கள். இந்தத் தொடரில் எங்களை நடுங்கவைத்தவர்கள் நீங்கள். 3-2 என்று பின்தங்கியபோது எங்கள் பக்கத்தில் யாருக்கும் உறக்கம் இல்லை.

இங்கே எல்லோரும் உங்கள் தாக்குதலைப் பற்றியே பேசுகிறீர்கள். மூன்றாம் குவார்ட்டரை நாங்கள் 33-15 என்று எடுத்தோம். அந்த 15-ஐப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். 33-ஐப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் பாதியில் டக்கரும் கப்பேலாவும் எங்கள் கூடையடியில் பந்துகளை வாரிக்கொண்டு போனார்கள், நாங்கள் பந்தைக் கண்டபடி இழந்தோம். இடைவேளைக்குப் பிறகு அது இரண்டும் நின்றது. நீங்கள் தவறவிடும் ஒவ்வொரு நீண்ட த்ரீயும் நீண்ட ரீபவுண்டாக எங்களிடம் வந்தது. உங்கள் தற்காப்பு திரும்பிச் சேர்வதற்குள் கர்ரி வளைவுக்கு வெளியே தனியாக நின்றார். அந்தக் குவார்ட்டரில் மட்டும் அவருக்கு 14 புள்ளிகள். அரைக்களத்தில் நீங்கள் எங்களைத் தடுத்ததைப் போல வேறு எந்த அணியும் தடுத்ததில்லை. நான்காவது ஆட்டத்தின் கடைசிக் குவார்ட்டரில் எங்களுக்குப் பன்னிரண்டே புள்ளிகள்தாம் கிடைத்தன. ஏழாவது ஆட்டத்தில் உங்கள் தற்காப்பைக் குலைத்தது உங்கள் தாக்குதல்தான்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். பால் இல்லாதது போலவே, நான்காவது ஆட்டம் தொடங்கி இகுடாலா எங்களுக்கு இல்லை. இரண்டையும் நான் சமமாக வைக்கவில்லை. இருந்தாலும் எங்கள் கோச் அந்த இடத்தில் லூனியைப் பழக்கினார்.


செந்நிறச் சட்டை
31 மே 2018

விருந்தாளி அவர்களுக்கு நன்றி. தாக்குதல் தற்காப்பைக் குலைத்தது என்ற கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன்.

பழைய பெஞ்சு ஐயா கேட்ட கேள்விக்கு என்னிடமும் பெயர் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் இல்லாமல் போனது ஏன் என்பதைப் பார்க்க வேண்டும். இந்த அணியின் அடிப்படை ஏற்பாடே, நாற்பத்தெட்டு நிமிடமும் ஹார்டன் அல்லது பால் களத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் ஓட்டுவார். அதுவும் வேறு விதமாக ஓட்டுவார். ஹார்டன் த்ரீ அல்லது கூடையடி என்று ஆடுவார். பால் ஃப்ரீ த்ரோ கோட்டின் வலது முனைக்கு நகர்ந்து, பதினைந்தடியிலிருந்து நிதானமாக எறிவார். நாம் கணக்குப் போட்டு ஒதுக்கிவைத்த அந்த மிட்ரேஞ்ச் எறிதல்தான், த்ரீயும் விழாமல் கூடையடியும் அடைபட்ட நிமிடங்களில் நம்மைக் காப்பாற்றியது.

நான்காவது ஆட்டத்தை வாரியர்ஸின் ஆரக்கிள் அரங்கில் 95-92 என்று வென்றபோது பால் எடுத்தது 27. ஐந்தாவது ஆட்டத்தில் ஹார்டனின் த்ரீ பதினொன்றில் ஒன்றுகூட விழவில்லை என்பதை இப்போது யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இருந்தும் 98-94 என்று வென்றோம். கர்ரியின் முகத்துக்கு நேரே த்ரீ போட்டுவிட்டு, கர்ரியைப் போலவே தோளைக் குலுக்கிக் காட்டிய பால் அன்று 20 புள்ளி எடுத்தார், பெஞ்சிலிருந்து வந்த கோர்டன் 24 எடுத்தார். அதே ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் தொடைத்தசை பிடித்துக்கொண்டு பால் விழுந்தார். ஆக, ஹார்டனின் த்ரீ கைவிட்ட இரவுகள் இந்தத் தொடரில் இரண்டு. பால் இருந்த இரவில் வென்றோம், இல்லாத இரவில் தோற்றோம். கணக்குப்பிள்ளை இதை அதிர்ஷ்டத்தின் பட்டியலில் எப்படிச் சேர்ப்பார் என்று தெரிந்துகொள்ள ஆவல்.

பாலின் காயம் மட்டும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். 33 வயது, இந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 58-இல்தான் ஆடினார், பிளேஆஃபில் முக்கியமான நேரத்தில் அவருக்குக் காயம் நேர்வது இது முதல் முறையல்ல. முன்கூட்டியே தெரிந்த ஆபத்துக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் மே மாதம் வரை வந்தது நிர்வாகத்தின் தவறு.


கணக்குப்பிள்ளை
31 மே 2018

பாலின் மதிப்பை நான் மறுத்ததே இல்லை. அவர் இருந்திருந்தால் ஆறாவது ஆட்டத்திலேயே முடித்திருப்போம். ஆனால் அதிலிருந்து மிட்ரேஞ்ச் எறிதல் நல்லது என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பால் எறிந்தால் அது நல்ல எறிதல். அரிஸாவும் டக்கரும் அங்கிருந்து எறிந்தால் அது வாரியர்ஸுக்கு நாம் அனுப்பும் பரிசு. இந்த அணி ஓர் ஆட்டத்துக்கு 42-க்கும் அதிகமான த்ரீ எறிந்தது, இரண்டு புள்ளி எறிதல்களைவிட த்ரீக்களை அதிகமாக எறிந்த முதல் அணி இதுதான். அந்தத் துணிவு இல்லாமல் டுராண்ட், கர்ரி, தாம்சன், டிரேமண்ட் கிரீன் நால்வரும் உள்ள அணியை ஏழாவது ஆட்டம் வரை இழுத்திருக்க முடியாது. அவர்கள் 39-இல் 16 த்ரீ போட்டார்கள், நாம் 44-இல் 7. த்ரீயால் மட்டும் 48-க்கு 21. அந்த 27 புள்ளிப் பள்ளத்தில் விழுந்தும் ஒன்பது புள்ளியில்தான் தோற்றோம் என்றால், மற்ற எல்லாவற்றிலும் நாம் அவர்களைவிட மேலாக ஆடினோம் என்றுதான் பொருள்.


மூலைக்காரன்
1 ஜூன் 2018

எத்தனை த்ரீ எறிந்தோம் என்பதில் எனக்குக் குறை இல்லை. அவை எப்படிப் பிறக்கின்றன என்பதில்தான் குறை. இரண்டாவது ஆட்டத்தை 127-105 என்று வென்றோம். அன்று ஹார்டன் 27, கோர்டன் 27, டக்கர் 22, அரிஸா 19. அன்றும் த்ரீதான் எறிந்தோம். ஆனால் பந்து சீக்கிரமாக நகர்ந்தது, ஹார்டன் ஷாட் கிளாக்கின் தொடக்கத்திலேயே தாக்கினார், மூலையில் நின்றவர்களுக்கு எறியும் நேரம் கிடைத்தது. அதே ஆட்டமுறையின் நல்ல முகம் அது. களைக்கக் களைக்க நாம் அதன் கெட்ட முகத்துக்குச் சறுக்குகிறோம். ஹார்டனுக்கு மூச்சு வாங்கும்போது தட்டிக்கொண்டு நிற்பதுதான் ஓய்வு. அந்த ஓய்வுக்கு விலை கொடுப்பவர்கள் மற்ற நால்வர்.

இதில் ஹார்டனுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 2015-இல் இதே எதிரணியிடம் ஐந்தாவது ஆட்டத்தில் 13 டர்ன்ஓவர், அதாவது பதின்மூன்று முறை பந்தை இழந்தார். சென்ற ஆண்டு கவாய் லெனர்டு ஆடாத சான் அன்டோனியோவிடம் ஆறாவது ஆட்டத்தில் 10 புள்ளிகளோடு 75-114 தோல்வி. இந்த முறை அவர் ஓடி ஒளியவில்லை, கடைசிவரை போராடினார், நான் நேர்மையாகவே சொல்கிறேன். ஆனால் பந்து தன் கையில் இல்லாதபோது அவர் ஓடுவதில்லை. மறுமுனையில் கர்ரி பாஸ் கொடுத்த மறுகணம் ஓடத் தொடங்குகிறார். அவர் பின்னால் இரண்டு பேர் ஓட வேண்டியிருக்கிறது. ஹார்டன் பாஸ் கொடுத்துவிட்டு நடுக்கோட்டருகே இடுப்பில் கை வைத்து நிற்கிறார். அவரைக் காப்பவருக்கு அது இலவச ஓய்வு. இதைச் சரிசெய்ய ஒரு டாலர்கூடச் செலவில்லை.


பழைய பெஞ்சு
1 ஜூன் 2018

செலவில்லாத மாற்றங்களைத்தான் 28 வயதுக்கு மேல் யாரும் செய்வதில்லை, மூலைக்காரன்!

இனிச் செலவைப் பற்றிப் பேசுவோம். பால், அரிஸா, கப்பேலா மூவரின் ஒப்பந்தங்களும் இந்தக் கோடையில் முடிகின்றன. கப்பேலாவை யார் விலை சொன்னாலும் ஈடுகட்டி வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது. ஏழாவது ஆட்டத்தில் 20 புள்ளியும் 9 ரீபவுண்டும் எடுத்த 24 வயது இளைஞரைப் பற்றி விவாதமே தேவையில்லை. பாலுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தால் அது முடியும்போது அவர் நாற்பதை நெருங்கியிருப்பார். கொடுக்காமல் விட்டால் ஹார்டன் மறுபடியும் தனியாள். கொடுத்துத்தான் ஆக வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்குப் பயம் அரிஸாவைப் பற்றித்தான். பன்னிரண்டுக்குப் பூஜ்யம் என்ற எண் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, சம்பள வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய வரிக்கு அஞ்சி, புதிய முதலாளி அவரைப் போகவிட்டால், அடுத்த மே மாதத்தில் டுராண்டுக்கு முன்னால் யார் நிற்பார்? டக்கருக்கு 33 வயது. அவர் ஒருவரே எல்லோரையும் காக்க முடியாது. பொது மேலாளர் டேரில் மோரி இந்தக் கோடையில் தேட வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர், சுவிட்ச் தற்காப்பில் நிற்கக்கூடிய, ஆறடி எட்டங்குல உயரமுள்ள எட்டாவது ஆட்டக்காரர். இன்னொருவர், பந்தைக் கையாண்டு இரண்டாம் அணியைப் பத்து நிமிடம் ஓட்டக்கூடிய மூன்றாவது கார்டு. நட்சத்திரம் வேண்டாம். ஆண்டர்சனின் ஒப்பந்தத்தை யார் தலையிலாவது கட்ட புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பைக் கொடுக்க வேண்டியிருந்தால் அதையும் கொடுக்கலாம்.


ஐந்தாம் ஃபவுல்
1 ஜூன் 2018

ஐயா, ஜெரால்டு கிரீனை விட்டுவிட்டீர்களே. ஹூஸ்டன் பையன், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்து ஆடியவர். அவரை முதலில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.


செந்நிறச் சட்டை
1 ஜூன் 2018

கிரீனுக்கு என் ஓட்டும் உண்டு. மூன்றாவது கார்டு என்ற ஐயாவின் யோசனையோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறேன். அவர் வந்தால், டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே ஹார்டனையும் பாலையும் சேர்த்து உட்காரவைத்து, வாரத்துக்கு ஒரு முறையாவது பத்து நிமிடம் அவரை ஓட்டவிட வேண்டும். அதனால் நான்கைந்து ஆட்டங்கள் தோற்று 65 வெற்றி 60 ஆனாலும் பரவாயில்லை. ஏழாவது ஆட்டத்தைச் சொந்த அரங்கில் ஆடும் உரிமைக்காகத்தான் அந்த 65-ஐத் துரத்தினோம். அந்த உரிமை கிடைத்த இரவில் அதை அனுபவிக்கக் களத்தில் தெம்போடு ஐந்து பேர் இல்லை. கணக்குப்பிள்ளை இதற்கும் ஒரு விகிதம் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.


கணக்குப்பிள்ளை
1 ஜூன் 2018

வைத்திருக்கிறேன். ஐந்து வெற்றி குறைந்தால் இந்த ஆண்டுக் கணக்கில் நமக்கு 60, வாரியர்ஸுக்கு 58. முதலிடம் அப்போதும் நமதே. அந்தப் பத்து நிமிடத்துக்கு நானும் சம்மதிக்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்திலும் த்ரீதான் எறிய வேண்டும்.